நாற்பத்தொரு நிமிஷம்

அத்தியாயம் பதினேழு

“பன்னெண்டு நிமிஷத்துக்கு ஒரு வண்டி. உக்காரு, வந்துடும்.”

“நான் நிக்கறேன்.”

“நின்னா மட்டும் சீக்கிரம் வந்துடுமா? உக்காருங்கறேன்ல.”

டீச்சர் உட்கார்ந்தாள். மேம்பாலத்துக்கு அடியில் இருந்த அந்த நிறுத்தத்தில் இரும்பு பெஞ்சு ஒன்றுதான். அதன் இடது கால் ஆடும் என்று அவளுக்குத் தெரியும். அதனால் வலது ஓரமாகப் போய் உட்கார்ந்தாள். அவள் கணவர் இடது ஓரத்தில் உட்கார்ந்தார். பெஞ்சு ஆடியதும் திடுக்கிட்டு எழுந்தார்.

“பாத்து உக்காரக் கூடாதா?”

“இது ஆடும்னு எனக்கென்ன ஜோசியமா தெரியும்?”

சனிக்கிழமை. மணி பத்து எட்டு.

மூன்று வாரமாக முகம் கொடுத்துப் பேசாதவர், நேற்றுச் சாயங்காலம் திடீரென்று, “நாளைக்கு நானே உன்னைக் கூட்டிட்டுப் போய் விடறேன்” என்று சொன்னபோது, மகள்கூடக் குடித்துக்கொண்டிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அப்பாவைப் பார்த்தாள். டீச்சர் சரி என்றாள். வேண்டாம் என்று சொன்னால் மறுபடியும் மூன்று வாரம் ஆகும்.

அவர் நகரப் போக்குவரத்துக் கழகத்தில் டைம் டேபிள் பிரிவின் தலைவர். எந்த வண்டி எந்த நிறுத்தத்துக்கு எத்தனை மணிக்கு வரும் என்று முப்பத்தொரு வருஷமாக எழுதிக்கொண்டிருப்பவர். ஆபீஸில் அவருக்கு நிமிஷம் சார் என்று பெயர். நாலு பேர் சிரித்துக்கொண்டே கூப்பிட்டது, நாளாக ஆக மரியாதையாகவே மாறிவிட்டது. இன்னும் நாலு மாதத்தில் ஓய்வு.

டீச்சர் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுப்பவள். ஏழு வருஷமாக டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறாள். இரண்டு தடவை தவணை நீட்டித்தாகிவிட்டது. இந்த மாத முடிவுக்குள் ஏதாவது ஒரு மாநாட்டில் கட்டுரை படித்ததற்குச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் பதிவு ரத்து, ஏழு வருஷமும் குப்பை. இன்று பதினொன்று நாற்பதுக்கு அவள் முறை. பத்து நிமிஷம் தருவார்கள். கூப்பிடும்போது ஆள் இல்லை என்றால் அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

அவள் எதைப் பற்றிப் படிக்கிறாள் என்று நிமிஷம் கேட்டதே இல்லை. அழைப்பிதழில், “பெண்களும் காத்திருப்பு நேரமும்” என்று இருந்ததைப் பார்த்து, ஏதோ ஆஸ்பத்திரி வரிசை சமாச்சாரம் என்று நினைத்துக்கொண்டார்.

“ஏங்க, ஒரு டாக்ஸி பிடிச்சுப் போயிடலாமே.”

“டைம் டேபிள் போடறவன் பொண்டாட்டி டாக்ஸில போனான்னா வெளிய சொல்ல முடியுமா?”

“யாரு பாக்கப் போறாங்க?”

“நான் பாப்பேன்ல.”

அவளுடைய பை அவர் மடியில் இருந்தது. வீட்டு வாசலிலேயே வாங்கிக்கொண்டார். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அவள் பையை அவர் தூக்கியது இன்றைக்குத்தான். அதைப் பிடுங்கிக்கொண்டு சாலையில் இறங்கிக் கை காட்ட அவளுக்கு மனசு வரவில்லை. கட்டுரை, பென் டிரைவ், கண்ணாடி எல்லாம் அதற்குள்தான்.

“நூத்திப் பதினாலு நேரா மாநாட்டு மையம் அஞ்சாவது கேட்ல நிக்கும். முப்பத்தஞ்சு நிமிஷம். இந்த ரூட்டுக்கு எத்தனை வண்டி தெரியுமா? ஏழு.”

“ஏழா?”

“ஏழு. நான் போட்டது.”

டீச்சர் தலையாட்டினாள். இந்த நிறுத்தத்தில் சனிக்கிழமைகளில் நூற்றுப் பதினாலுக்குக் காத்திருக்கும் சராசரி நேரம் நாற்பத்தொரு நிமிஷம் என்று அவளுக்குத் தெரியும். பதினாலு மாதம் இதே பெஞ்சில் உட்கார்ந்து எழுதிய கணக்கு அது. சொல்லலாம். சொன்னால், எப்படித் தெரியும் என்பார்.

பத்து இருபத்தொன்பதுக்கு மகள் போன் பண்ணினாள். கடைசி வருஷம் படிக்கிற பெண், மாநாட்டில் தொண்டர் வேலைக்குச் சேர்ந்து விடியும்போதே போய்விட்டாள்.

“எங்கம்மா இருக்கே?”

“மேம்பாலத்துல.”

“அங்கேயா? அங்க போய் யாராவது நிப்பாங்களா? உனக்கே தெரியுமே.”

“தெரியும்.”

“அப்பா பக்கத்துல இருக்காரா?”

“ஆமா.”

“சரி, நீ பேச வேண்டாம், நான் சொல்றதைக் கேளு. முன் வரிசையில யாரு உக்காந்திருக்கா தெரியுமா? அப்பா ஆபீஸ் டைரக்டர். சிறப்பு விருந்தினராம். உன் அமர்வு முழுக்க இருக்கப்போறாராம்.”

டீச்சர் போனை வைத்தாள்.

“என்னவாம்?” என்றார் நிமிஷம்.

“சீக்கிரம் வரச் சொல்றா.”

“வண்டி வந்தா போறோம். அவளுக்கு எல்லாத்துக்கும் அவசரம். உன்னை மாதிரி.”

பத்து முப்பத்தாறுக்கு, கையில் ஒரு துணிப் பையோடு ஓர் அம்மாள் நிறுத்தத்துக்கு வந்தாள். அந்தப் பக்கத்து ஆபீஸ்களில் பதினைந்து வருஷமாகத் தரை துடைக்கிறவள். டீச்சரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. டீச்சர் குனிந்து செருப்பு வாரைச் சரி செய்வது போலப் பாவனை பண்ணினாள். பலிக்கவில்லை.

“டீச்சர், எங்க ரொம்ப நாளாக் காணோம்? நோட்டு எழுதி முடிச்சாச்சா?”

“ம்.”

“இந்தப் பெஞ்சு காலைக்கூட நீங்கதானே கல்லு வெச்சு நிமித்தினீங்க. மறுபடியும் எவனோ எடுத்துட்டுப் போயிட்டான்.” அவள் நிமிஷத்தின் பக்கம் திரும்பினாள். “சனிக்கிழமை ஆனா போதும் சார், காலையில எட்டுலேர்ந்து இங்கயேதான் இருப்பாங்க. மழைன்னாலும் குடையைப் பிடிச்சுக்கிட்டு எழுதுவாங்க. எங்களையெல்லாம் உக்கார வெச்சுக் கேப்பாங்க. எத்தனை மணிக்கு வந்தே, எத்தனை மணிக்கு ஏறினே, லேட்டாப் போனா மேஸ்திரி என்ன சொன்னான். எங்கிட்ட எவன் கேட்டான் அதையெல்லாம்?”

நிமிஷம் மடியில் இருந்த பையை இழுத்து வைத்துக்கொண்டார்.

“ஆமா, இந்த டைம் டேபிள் எழுதறவனைப் பாத்தா நேருக்கு நேர் கேக்கறேன்னு சொன்னீங்களே டீச்சர், கேட்டீங்களா?”

“இன்னும் இல்லைம்மா.”

“பாத்தா என் சார்பாவும் ஒண்ணு கேளுங்க. ஏழு வண்டின்னு எழுதி வெச்சிருக்கானே, மீதி அஞ்சு அவன் வீட்டுக் கொல்லையிலயா நிக்குதுன்னு.”

சொல்லிவிட்டு, அந்த அம்மாள் தூணில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். நின்றுகொண்டே தூங்கப் பழகியவள்.

நிமிஷம் அவள் தூங்கிவிட்டாளா என்று பார்த்தார். பிறகு, தாழ்ந்த குரலில், “சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ்னு சொன்னே” என்றார்.

“சொன்னேன்.”

“பதினாலு மாசம்.”

“எண்ணி வெச்சிருக்கீங்களா?”

“நான் என்னென்னவோ நெனச்சேன்.”

“கேட்டிருக்கலாமே.”

“கேட்டா மட்டும் சொல்லியிருப்பியா?”

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “சராசரி எவ்வளவு போட்டிருக்கே?”

“நாப்பத்தொண்ணு.”

“நாம வந்து முப்பத்தஞ்சு ஆச்சு.”

“ஏங்க, இப்பவே கிளம்பினா நேரத்துக்குப் போயிடலாம். கோபத்தை வீட்டுல போய் வெச்சுக்கலாம்.”

“இரு. இன்னும் ஆறு நிமிஷம்தானே. உன் கணக்கு சரியான்னு பாத்துடுவோம்.”

“என் முறை போயிடும்.”

“போகாது. உன் கணக்கு சரியா இருந்தா வண்டி வரும். வண்டி வந்தா நீ போயிடுவே. தப்பா இருந்தா, தப்பான கணக்கைப் படிக்க எதுக்குப் போகணும்?”

இப்படித்தான் பேசுவார். மறுத்துச் சொல்ல இடமே இருக்காது, ஒத்துக்கொள்ளவும் முடியாது. டீச்சர் கையை மடியில் கோத்துக்கொண்டு, தன் கணக்கு சரியாக இருக்க வேண்டுமே என்று, வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, அந்த வண்டிக்காக வேண்டிக்கொண்டாள்.

பத்து நாற்பத்தொன்பதுக்கு நூற்றுப் பதினாலு வளைவில் திரும்பியது.

தூணில் சாய்ந்திருந்த அம்மாள் கண்ணைத் திறக்காமலே, “நிக்காது” என்றாள்.

நிமிஷம் எழுந்து கையை நீட்டினார். படியில் ஆள் தொங்கிக்கொண்டிருந்தது. வண்டி வேகத்தைக் குறைப்பது போலக் குறைத்து, அவரைத் தாண்டிப் போனது. அவர் ஒரு கணம் நம்பாமல் நின்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஆபீஸ் அடையாள அட்டையை உருவி, உயர்த்திப் பிடித்துக்கொண்டு, வண்டிக்குப் பின்னால் ஓடினார். அம்பத்தேழு வயசு. மனைவியின் பை தோளில் இடித்தது. அட்டையின் நாடா முகத்தில் அடித்தது. டிரைவர் கண்ணாடியில் பார்த்திருப்பான், ஏதோ ஓர் ஆள் ஓடி வருகிறான் என்று. அப்படித் தினமும் ஓடுகிறார்கள்.

திரும்பி வந்தவர் மூச்சு வாங்க நின்றார்.

“இதையும் எழுதியிருக்கியா?”

“தனிப் பத்தியா இருக்கு. வந்தும் நிக்காத வண்டிகள்.”

“இவரு யாரு டீச்சர், உங்க வீட்டுக்காரரா?” என்றாள் அந்த அம்மாள். “பாவம், பஸ்ஸுக்குப் பழக்கமில்லாதவரு போல.”

டாக்ஸியில் ஏறும்போது பத்து ஐம்பத்தாறு.

பின் சீட்டில் இருவருக்கும் நடுவே பை. சிக்னல் சிக்னலாக நின்றது டாக்ஸி. மூன்றாவது சிக்னலில் நிமிஷம் பையைத் திறந்து கட்டுரையை எடுத்தார். டீச்சர் தடுக்கவில்லை. ஏழு வருஷமாகச் சாப்பாட்டு மேசையிலும் அலமாரியிலும் கிடந்த காகிதத்தை அவர் இப்போதுதான் புரட்டுகிறார். விரலை எச்சில் தொட்டு, வரி வரியாக, ஆபீஸ் கோப்பு படிப்பது போலப் படித்தார். நாலாவது அட்டவணை வந்ததும் விரல் நின்றது.

“இது டிப்போ டிரிப் ஷீட்.”

“ஆமா.”

எந்த வண்டி எத்தனை மணிக்கு டிப்போவை விட்டு உண்மையிலேயே கிளம்பியது என்று டிப்போக்காரர்கள் எழுதி அனுப்பும் தாள் அது. பிரிவுத் தலைவருக்கு மட்டும் வரும். ஊருக்கு ஒட்டுகிற டைம் டேபிளில் ஏழு வண்டி, டிரிப் ஷீட்டில் இரண்டே இரண்டு. டீச்சர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டிருந்தாள். கீழே வேறு ஒன்றும் எழுதவில்லை.

“இது எப்படி உன் கைக்கு வந்துச்சு?”

“சாப்பாட்டு மேசையிலேர்ந்து. நீங்க வேலையை வீட்டுக்குக் கொண்டு வந்து அங்கதானே பரப்பி வைக்கறீங்க. தட்டு எடுக்க வரும்போது பாத்தேன். ஒரு வாரம் உக்காந்து கையால எழுதி எடுத்தேன்.”

“திருடியிருக்கே.”

“உங்க கண்ணாடிக் கூட்டுக்கு அடியில இருந்துச்சு. கூட்டை எடுத்துத் துடைச்சு, திரும்ப வெச்சுட்டுத்தான் எழுதினேன். இப்ப நீங்க சொல்லுங்க. ரெண்டு வண்டிதான் ஓடுதுன்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?”

“மேல இருந்து ஏழுன்னு போடச் சொன்னா ஏழுன்னுதான் போடுவேன்.”

“அப்ப தெரியும்.”

“எல்லாருக்கும் தெரியும்.”

“தெரிஞ்சும் ஏன் என்னை இன்னைக்கு அங்க கொண்டு போய் உக்கார வெச்சீங்க?”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “ஒரு நாளாவது வரும்னு பாத்தேன்.”

டாக்ஸிக்காரர் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தார். குடும்பச் சண்டை என்றால் யாருக்குத்தான் காது கேட்காது.

பைக்குள்ளிருந்த நிகழ்ச்சி நிரலையும் அவர் எடுத்தார். அவள் பெயருக்கு மேலே, தடித்த எழுத்தில், சிறப்பு விருந்தினர் பெயர். அதை இரண்டு தடவை படித்தார்.

“டைரக்டர் வர்றாரா?”

“எனக்கே காலையில அவ போன்ல சொல்லித்தான் தெரியும். இதுல என் பேரை மட்டும்தான் பாத்தேன்.”

“அந்த நாலாவது அட்டவணையை எடுத்துடு.”

“எடுத்தா என்ன மிச்சம்?”

“மத்ததெல்லாம் இருக்கே. அந்தப் பொம்பளைங்க சொன்னது, மழை, குடை, அது இதுன்னு பதினெட்டுப் பக்கம் இருக்கே.”

“மத்ததெல்லாம் புலம்பல்னு சொல்லிடுவாங்க. அது ஒண்ணுதான் கணக்கு.”

“நாலு மாசம். மரியாதையா வெளிய வந்துடறேன். அதுக்கப்புறம் நீ எந்த மேடையில வேணாலும் ஏறிப் படி.”

“என் பதிவு மாசக் கடைசியோட முடியுது. ஏழு வருஷமா அதை எத்தனை தடவை சொல்லியிருப்பேன்? ஒரு தடவையாவது காதுல விழுந்துச்சா?”

அவர் கட்டுரையை மடித்துப் பைக்குள் வைத்தார். பையை மடியிலேயே வைத்துக்கொண்டார்.

மாநாட்டு மையத்தின் இரண்டாவது கேட்டில் டாக்ஸி நின்றபோது பதினொன்று இருபத்தொன்பது. அழைப்பிதழில் போட்டிருந்த வரைபடத்தில் இரண்டாவது கேட்தான். காவலாளி கையை விரித்தார்.

“இது விருந்தினர் காருக்கு மட்டும். கட்டுரை படிக்கிறவங்க அஞ்சாவது கேட்.”

“வரைபடத்துல இப்படிப் போட்டிருக்கே.”

“வரைபடம் போட்டவங்க கார்ல வந்திருப்பாங்க மேடம். மதிலை ஒட்டி நடந்தீங்கன்னா ஆறு நிமிஷம்.”

டீச்சர் நடந்தாள். பிறகு ஓடினாள். நிமிஷம் பையோடு பின்னால் வந்தார். ஐந்தாவது கேட்டுக்கு எதிரே நூற்றுப் பதினாலின் நிறுத்தம். கண்ணாடிப் பெட்டிக்குள் டைம் டேபிள், ஓரத்தில் அவருடைய கையெழுத்து. அவர் அங்கே நின்றுவிட்டார்.

“பையைக் குடுங்க.”

“யோசிச்சுப் பாரு.”

“பையைக் குடுங்கன்னேன்.”

“நான் உன்னைத் தடுக்கவா செஞ்சேன்? எங்க வேணாலும் கேளு. ஏழு வருஷம் படிக்க விட்டிருக்கேன்.”

“விட்டிருக்கீங்க,” என்றாள் டீச்சர். “ஆமா. அந்தம்மாவையும் பதினஞ்சு வருஷமா நிக்க விட்டிருக்கீங்க.”

கேட்டுக்குள்ளிருந்து மகள் ஓடி வந்தாள். கழுத்தில் தொண்டர் அட்டை. அப்பாவின் தோளிலிருந்து பையைக் கழற்றினாள். கேட்டு வாங்கவில்லை, கழற்றித்தான் எடுத்தாள். அவரும் விட்டுக்கொடுத்தார்.

“அப்பா, நீங்க வரலையா?”

“நீங்க போங்க.”

கூடத்துக்குள் நுழையும்போது, அமர்வின் தலைவர் அடுத்த பெயரைச் சொல்ல வாயெடுத்திருந்தார். மகள் நடைபாதையிலேயே கையைத் தூக்கினாள். “வந்துட்டாங்க சார், வந்துட்டாங்க.” தலைவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, “எட்டு நிமிஷம்தான் இருக்கு” என்றார்.

“போதும்,” என்றாள் டீச்சர்.

தலைமுடி கலைந்திருந்தது. முதல் இரண்டு வாக்கியம் மூச்சு வாங்கியது. அப்புறம் வகுப்பறைக் குரல் வந்துவிட்டது. தரை துடைக்கிற அம்மாள் லேட்டாகப் போன நாட்களை எண்ணிச் சொன்னாள். ஆடுகிற பெஞ்சைச் சொன்னபோது யாரோ சிரித்தார்கள். நாலாவது அட்டவணை திரையில் விழுந்தபோது சிரிப்பு நின்றது. ஒரு பக்கம் ஏழு, ஒரு பக்கம் இரண்டு. அவள் அதை விளக்கவே இல்லை. திரும்பி நின்று, எல்லோரும் படித்து முடிக்கட்டும் என்று காத்திருந்தாள். முன் வரிசையில் டைரக்டர் கால் மேல் போட்டிருந்த காலைக் கீழே இறக்கினார்.

கை தட்டினார்கள். தலைவர், “கேள்விக்கு ஒரு நிமிஷம்” என்றார்.

கடைசி வரிசையில் ஒரு கை உயர்ந்தது.

ஒலிவாங்கியை எடுத்துக்கொண்டு போக வேண்டியது மகளுடைய வேலை. நடைபாதையில் பாதி தூரம் போன பிறகுதான் கை யாருடையது என்று பார்த்தாள். நின்றாள். தலைவர், “குடும்மா, நேரமாகுது” என்றார். அவள் போய், எப்போதோ உள்ளே வந்திருந்த அப்பாவின் கையில் கொடுத்தாள். அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

பஸ்ஸுக்குக் காட்டிய அட்டை இப்போது ஒழுங்காக அவர் கழுத்தில் தொங்கியது. தன் பதவியைச் சொன்னார். டைரக்டருக்குக் கேட்க வேண்டும் என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

“மேடம், நாலாவது அட்டவணையில நீங்க காட்டினது எங்க பிரிவை விட்டு வெளிய வரக் கூடாத தாள். அதை உங்களுக்கு யார் கொடுத்தாங்கன்னு இந்தச் சபையில சொல்ல முடியுமா?”

இருபத்தாறு வருஷத்தில் அவர் அவளை ‘நீங்க’ என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

கூடம் மொத்தமும் திரும்பி மேடையைப் பார்த்தது. தலைவர் முகத்தில் சந்தேகம் வந்துவிட்டது. பேனாவைத் திறந்து, அவள் பெயருக்கு எதிரே வைத்துக்கொண்டார். எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாத கணக்குக்கு யார் சான்றிதழ் கொடுப்பார்கள்? அவள் சொல்ல மாட்டாள் என்று நிமிஷத்துக்குத் தெரியும். கோபத்தில் தட்டை வைப்பாள், கதவைச் சாத்துவாள். வெளியாட்கள் முன்னால் வாயைத் திறந்ததில்லை. அந்த நிச்சயத்தில்தான் எழுந்து நின்றிருந்தார்.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். திரும்பப் போட்டுக்கொண்டாள்.

“யாரும் கொடுக்கலை,” என்றாள். குரல் உயரவில்லை. “நம்ம வீட்டுச் சாப்பாட்டு மேசையில, உங்க கண்ணாடிக் கூட்டுக்கு அடியில இருந்துச்சு.”

நம்ம என்ற சொல் கூடத்தின் கடைசி வரிசை வரை போய்ச் சேர ஒரு கணம் ஆயிற்று. தலைவரின் பேனா தாளைத் தொடாமல் நின்றது. நிமிஷம் இன்னும் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். மகள் அதை வாங்கக் கை நீட்டினாள். அவர் விரல்கள் விடவில்லை. அவர் மூச்சு வாங்கும் சத்தம், மேம்பாலத்தடியில் கேட்ட அதே சத்தம், கூடம் முழுக்கக் கேட்டது.

முன் வரிசையில் டைரக்டர், கடைசி வரிசையைப் பார்த்து நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.